கரும்புக் காட்டில் நான்கு குட்டிகள்: ஒரு காட்டுப்பூனை நிகழ்வு ஆய்வு

இடமும் பின்னணியும்

ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில் இது நடந்தது. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் தரப்படவில்லை. வனத்துறைக்கு உதவப் போகும் உள்ளூர்த் தன்னார்வலர்களில் ஒருவனாக நானும் அங்கே இருந்தேன்.

இரண்டரை ஏக்கர் மறுதாம்புக் கரும்பு, அதாவது முந்தைய வெட்டின் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது. ஒரு பக்கம் கிளை வாய்க்கால், எதிர்ப்பக்கம் வண்டித்தடம், மீதி இரண்டு பக்கமும் அடுத்தவர் கரும்பு. காற்றில் பாதிக்குமேல் சாய்ந்து, சோகை (காய்ந்த தோகை) உரிக்காமல், உள்ளே ஆள் நுழைய முடியாதபடி அடைந்து கிடந்தது. தை மாதக் கடைசியில் மில்லிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. வெட்டாட்கள் விழுப்புரம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். வாய்க்கால் மேட்டில் தார்ப்பாய்க் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். கூலி டன் கணக்கில். வேலை நின்றால் அன்றைய கூலி இல்லை.

ஊருக்கு வடக்கே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் இருக்கிறது. 2013இல் அறிவிக்கப்பட்டது, 1,400 சதுர கிலோமீட்டருக்கும் அதிகப் பரப்பு. அதன் ஓரத்துத் தோட்டங்களுக்குச் சிறுத்தை வந்துபோவது இங்கே புதிதல்ல. முந்தைய ஆண்டு இதே ஊரில் பட்டியிலிருந்து ஆடுகள் போயின. கூண்டு வைத்தும் எதுவும் சிக்கவில்லை. புள்ளி போட்ட எந்தக் குட்டியைப் பார்த்தாலும் ஊர் முதலில் என்ன நினைக்கும் என்பதற்கு இதுவே போதும்.

அந்தக் கரும்புக்குள் இருந்தது காட்டுப்பூனை. வெருகு என்றும் சொல்வார்கள். அடர்ந்த காட்டைவிட நாணல், புதர், வாய்க்கால் ஓரம், வயல்வெளி ஆகியவற்றையே அதிகம் விரும்பும் விலங்கு. பல மாதமாக யாரும் உள்ளே நுழையாத மறைவு, பக்கத்திலேயே தண்ணீர், வேண்டிய அளவு எலி: கரும்பைவிட வசதியான இடம் அதற்குச் சமவெளியில் கிடைக்காது. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் காட்டுப்பூனை, கேரகல் (இன்னொரு வகைக் காட்டுவாழ் பூனை), நரி மூன்றின் உணவையும் ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து எலிகளைத் தின்பதாகக் கணக்கிட்டது. கரும்பு போடுகிறவருக்கு இதன் பொருள் விளங்கும். ஆனால் குட்டிக்காக ஒதுங்கிய மறைவு ஒரே பகலில் வெட்டிச் சாய்க்கப்படும் என்பதைத் தாய்ப்பூனை அறிய வழியில்லை.

காலையில் கண்டது

வண்டித்தடத்திலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு போனவர்கள், ஏறக்குறைய ஒன்பது மணிக்கு, சோகைக் குவியலுக்கு அடியில் ஒரு பள்ளத்தில் குட்டிகளைக் கண்டார்கள். பெரிய விலங்கு ஏதோ வாய்க்கால் பக்கமாகப் பாய்ந்து ஓடியதை ஒரு பெண் பார்த்தார். “சிறுத்த குட்டி போட்டுருக்கு” என்று சத்தம் எழுந்தது. அரிவாளைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்தவைதாம் பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் மூலம். யாரோ குட்டிகளைத் தூக்கி, மண் சுமக்கும் பாண்டில் போட்டுத் தடத்துக்குக் கொண்டுவந்தார்கள். படம் எடுத்தார்கள். ஊர்க்கூட்டம் சேர்ந்தது. கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர், குட்டிகளின் நிமிர்ந்த காதைப் பார்த்து, “அரிய வகை கேரகல் நம்ம ஊரில்” என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வனவர் வந்து சேர்வதற்குள் தோட்டக்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. குட்டி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்களாம்.

அந்த இளைஞர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேரகல் என்று தேடினால் கைபேசியில் வருவது, காது நுனியில் நீண்ட கறுப்பு மயிர்க்கற்றையோடு நிற்கும் அழகான பூனைதான். காட்டுப்பூனைக்கும் காது நுனியில் சிறிய கறுப்புக் கற்றை உண்டு. ஆனால் இந்தியாவில் கேரகல் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும்தான், அதுவும் மிகக் குறைவாக. 2021 ஜனவரியில் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு அதை அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள இனங்களுக்கான மீட்புத் திட்டத்தில் சேர்த்தது. அந்தச் செய்தி பரவிய பிறகு காது நிமிர்ந்த பூனையெல்லாம் கேரகலாகத் தெரிய ஆரம்பித்தது. வெளிநாடுகளில் கேரகலைச் செல்லப் பிராணியாக விற்பதும் வாங்குவதும் உண்டு என்பதால், அந்தப் பெயரோடு சேர்ந்தே விலை கேட்கும் ஆட்களும் வருகிறார்கள். ஆக, இங்கே குட்டிகளுக்குச் சிறுத்தை என்ற பெயரால் ஒரு வகை ஆபத்து, கேரகல் என்ற பெயரால் இன்னொரு வகை.

என்ன விலங்கு என்று முடிவு செய்தது

வனவரோடு நாங்கள் போனபோது பதினொன்றரை இருக்கும். கால்நடை மருத்துவர் ஒருவருக்கும் சொல்லியிருந்தோம். அவர் வர மதியமாகிவிட்டது.

குட்டிகளுக்குக் கண் திறந்திருந்தது. பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் திறக்கும். இவை தடுமாறாமல் நடந்ததால் மூன்று வாரம் ஆகியிருக்கலாம் என்று மருத்துவர் பின்னர் மதிப்பிட்டார். அந்த வயதுச் சிறுத்தைக் குட்டி இதைவிடப் பலமடங்கு கனமாக இருக்கும், வால் நீளமாக இருக்கும், பாதம் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கும். இவற்றின் உடம்பில் இருந்தவை வளர வளர மங்கிப்போகும் கோடுகளும் திட்டுகளும். முன்னங்கால்களில் குறுக்குப் பட்டைகள், குட்டையான வாலின் நுனிப்பகுதியில் கறுப்பு வளையங்கள். சந்தேகத்தைத் தீர்த்தது வாய்க்கால் சேற்றில் பதிந்திருந்த தாயின் காலடி. நகம் பதியாத வட்டத்தடம், ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் அளவு. அதைத்தான் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினோம். குட்டியின் வாலைப் பற்றிச் சொன்ன விளக்கத்தை யாரும் காதில் வாங்கவில்லை. சேற்றுத் தடத்தைப் பார்த்ததும், “இது பூனைக்காலுங்க, சிறுத்தைன்னா இந்நேரம் கை அகலம் பதிஞ்சிருக்கும்” என்று ஒரு பெரியவரே மற்றவர்களுக்குச் சொன்னார். கூட்டம் பாதியாகக் குறைந்தது.

பாண்டில் இருந்தவை மூன்று குட்டிகள். வாட்ஸ்அப்பில் வந்த முதல் படத்தை வனவர் பெரிதாக்கிப் பார்த்தார். சோகைக்குள் கிடந்தவை நான்கு.

முதல் முடிவு: எங்கும் கொண்டுபோவதில்லை

ஊரின் கோரிக்கை ஒன்றுதான்: “காட்டுல கொண்டுபோயி உட்டுருங்க.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பால்குடி மறக்காத குட்டியைத் தாயில்லாமல் காப்பகத்தில் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். காட்டுப்பூனைக் குட்டிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வரை தாய்ப்பால் தேவை. அதற்குப் பிறகும் வேட்டை பழகத் தாய் வேண்டும். உயிரியல் பூங்காவுக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ அனுப்பினால் பிழைக்கலாம். ஆனால் கையால் பால் குடித்து வளர்ந்த பூனைக்கு மனிதர்மேல் அச்சம் போய்விடும், அதன் பிறகு கூண்டுதான்.

தாய் உயிரோடு இருப்பது தெரிந்திருந்தது. ஓடியதைப் பார்த்தவர் இருக்கிறார், தடமும் புதிது. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் கரும்பு அறுவடையின்போது கிடைக்கும் சிறுத்தைக் குட்டிகளையும் காட்டுப்பூனைக் குட்டிகளையும் கண்டெடுத்த இடத்திலேயே வைத்துத் தாயோடு சேர்ப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. அதே வழியில் போவதென வனச்சரகர் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்று கூட்டத்தில் பலர் உறுதியாகச் சொன்னார்கள். வேண்டுமானால் வாசனையைக் குறைக்கலாம் என்று அந்தக் குழியின் சோகையையே கூடையில் பரப்பினோம். ஆனால் வாசனைக்காகக் குட்டியைக் கைவிடும் தாய் அரிது. தாய் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கூட்டமும் வெளிச்சமும் நாயும்தான்.

இரண்டாம் முடிவு: வெட்டாமல் விட வேண்டிய துண்டு

இந்த நிகழ்வில் அதிக நேரம் பிடித்தது இதுதான். விலங்கைப் பற்றிய பேச்சு அரைமணியில் முடிந்தது. கரும்பைப் பற்றிய பேச்சு மாலை வரை ஓடியது.

குழி இருந்த இடம் வாய்க்காலை ஒட்டிய மூலை. அதைச் சுற்றிக் கரும்பு நின்றால்தான் இரவில் தாய் மறைவாக வந்து போகமுடியும். வெட்டவெளியில் வைத்த கூடைக்கு அது வராது. ஆனால் வெட்டு உத்தரவு அன்றைக்கு, டிராக்டர் தடத்தில் நிற்கிறது, ஏற்கெனவே வெட்டிப் போட்ட கரும்பு வெயிலில் காய்கிறது. வெட்டிய கரும்பு நேரம் ஆக ஆக எடையும் சர்க்கரையும் இழக்கும். தோட்டக்காரர் கோபமே படாமல் சொன்னார்: “சிறுத்தையோ பூனையோ, எனக்குக் கரும்பு மில்லுக்குப் போகோணுமுங்க. வருசம் பூரா தண்ணி கட்டுனவன் நானுங்க.” மேஸ்திரிக்கு வேறு கவலை. முன்பணம் வாங்கி ஆள் கூட்டி வந்தவர் அவர். அரைநாள் சும்மா உட்கார்ந்தால் அவருடைய ஆட்கள் யாரிடம் கேட்பார்கள்?

வனவர் சட்டத்தைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கைப் பிடிப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் பார்த்தவரை அன்று எடுத்தவற்றில் நல்ல முடிவு அது. சட்டம் என்று ஆரம்பித்திருந்தால், அடுத்த தோட்டத்தில் குட்டி கிடைக்கும்போது யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

கடைசியில் வழி சொன்னவர் மேஸ்திரி. அடுத்த வெட்டு உத்தரவு பக்கத்துத் தோட்டத்துக்குத்தான். வாய்க்கால் மூலையில் பத்து சென்ட் அளவு நிற்கட்டும், மற்றதை இன்றே வெட்டி ஏற்றிவிடலாம், பக்கத்துத் தோட்டம் முடிகிற அன்று இந்தத் துண்டையும் வெட்டி அந்த லோடோடு அனுப்பலாம் என்றார். மில்லின் ஃபீல்டுமேன் வந்து பார்த்துச் சரி என்றார். சோகையைக் கொளுத்துவதில்லை என்பதையும் சேர்த்துப் பேசி முடித்தோம். இந்தப் பக்கத்தில் வெட்டு முடிந்த மறுநாளே தீ வைத்துவிடுவார்கள். அரிவாளுக்குத் தப்பிய குட்டி தீக்குத் தப்பாது.

நான்காவது குட்டி

பிற்பகலில் வனவர் குடிசைகளுக்குப் போய், இருட்டுவதற்குள் குட்டி வந்துவிட்டால் யார்மேலும் வழக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். நான்கு மணி சுமாருக்கு ஒரு பெண் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு எட்டு வயது இருக்கும். சட்டைக்குள் வைத்திருந்தான். “பசிக்குதுன்னு கத்திச்சு சார்” என்றான். ஊருக்குள் வாங்கிய பசும்பாலைக் கைக்குழந்தையின் புட்டியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறான், இரண்டு மூன்று முறை.

குட்டி கழிந்துகொண்டிருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பூனைக்குட்டியின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. கழிச்சலில் நீர் வற்றினால் அந்த வயதில் சில மணி நேரமே தாங்கும்.

இங்கே கருத்து இரண்டாகப் பிரிந்தது. நான்கையும் சேர்த்து வைக்கவேண்டும், தாய் ஒருமுறை இடம் மாற்றிவிட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றார் வனவர். இந்த நிலையில் இரவுக் குளிரில் வைத்தால் விடியுமுன் செத்துவிடும், ஓர் இரவு சூடேற்றி நீர்ச்சத்து கொடுத்து மறுநாள் வைக்கலாம் என்றார் மருத்துவர். மருத்துவர் சொன்னபடி நான்காவது குட்டி அவரோடு போனது.

முதல் இரவு

பொழுது சாய்ந்ததும் மூன்று குட்டிகளையும் கூடையோடு பழைய குழிக்குப் பக்கத்தில் வைத்தோம். தாழ்வான கூடை, ஒரு பக்கம் சாய்த்தது, உள்ளே கிடப்பவை வெளியே தெரியாது, தாய் தலையை நுழைக்கலாம். முழங்கால் உயரத்தில் ஒரு முளைக்குச்சியில் கேமரா. வெளிச்சம் தெரியாத அகச்சிவப்பு வகை. குடிசை நாய்களை மேஸ்திரியே கயிறு போட்டுக் கட்டினார். ஊர் நாய்கள் வராமல் பார்க்க வண்டித்தடத்தில் இரண்டு பேர், டார்ச் அடிக்காமல், பேசாமல். மற்ற எல்லோரையும் அனுப்பிவிட்டோம். கிளம்பப் பலருக்கும் மனம் வரவில்லை. தாய் வருவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை.

கேமராவில் பதிந்தது இவ்வளவுதான்: பத்து மணிக்குமேல் தாய் கரும்பு ஓரத்தில் தலை காட்டியது, கூடையைச் சுற்றியது, திரும்பிப் போனது. நள்ளிரவு கடந்து வந்து ஒன்றைப் பிடரியில் கவ்வித் தூக்கியது. அரைமணி இடைவெளிகளில் மற்ற இரண்டையும். மூன்றாவதைத் தூக்கிப்போன பிறகும் ஒருமுறை திரும்பி வந்து காலிக் கூடைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வனவர் மருத்துவரிடம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த நாட்கள்

நான்காவது குட்டி மறுநாள் மாலை சற்றுத் தேறியிருந்தது, குரல் வந்திருந்தது. அதே கூடையில் அதே இடத்தில் வைத்தோம். தாய் வரவில்லை. கேமராவில் ஒரு கீரியும், விடியற்காலையில் வாய்க்கால் மேட்டைக் கடந்த ஒரு நரியும்தான் பதிந்தன. நரியைப் பார்த்த பிறகு அடுத்த இரவுக்கு யாரும் துணியவில்லை. குட்டி மருத்துவரிடமே திரும்பியது. கழிச்சல் மறுபடியும் பிடித்து, அந்த வாரக் கடைசிக்குள் இறந்தது. குடல் அழற்சி என்பது மருத்துவர் பதிவு செய்த காரணம். உடலை வனத்துறை முறைப்படி அப்புறப்படுத்தியது.

பக்கத்துத் தோட்டம் வெட்டி முடிய ஒரு வாரம் ஆனது. நிறுத்தி வைத்த துண்டை வெட்டுமுன் மேஸ்திரியும் நாங்களும் ஒருமுறை உள்ளே நடந்து பார்த்தோம். ஒன்றும் இல்லை. வாய்க்காலின் எதிர்க்கரையில் நாணல் அடர்ந்த இடத்துக்குக் கேமராவை மாற்றினோம். மாசி முடிவதற்குள் அதில் ஒரு காட்டுப்பூனை பின்னால் இரண்டு குட்டிகளோடு கடந்தது பதிவானது. அதே தாய்தான் என்று அடித்துச் சொல்லமுடியாது. அதே குடும்பம் என்றால் மூன்றில் ஒன்று குறைகிறது.

வாட்ஸ்அப் படம் அதற்குப் பிறகும் ஊர் ஊராகச் சுற்றியது. வேறொரு தாலுகாவில் கேரகல் பிடிபட்டதாக அதே படத்தோடு செய்தி வந்தது. அந்த இளைஞரே மறுப்பு எழுதிப் போட்டார். அதை யாரும் பகிரவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

வெட்டும் திசைதான் முதலில். இங்கே தடத்திலிருந்து வாய்க்காலை நோக்கி வெட்டியது தற்செயல், ஆனால் சரியான திசை. தாய் ஓடி ஒளிய எதிர்க்கரை இருந்தது. நான்கு பக்கமும் சூழ்ந்து வெட்டி நடுவில் கரும்பு நிற்கும்படி விட்டால், உள்ளே இருப்பது எதுவானாலும் வெளியேற வழியில்லாமல் ஆட்கள்மேல் பாயும். சிறுத்தை நடமாடும் தாலுகாவில் இது ஆட்களின் உயிருக்கும் பொருந்தும். மில் தரும் வெட்டு உத்தரவோடு இந்த ஒரு வரியைச் சேர்ப்பதில் செலவு எதுவும் இல்லை.

குட்டி தென்பட்டால் தொடாமல், அந்த வரிசையை விட்டு வேறு பக்கம் வெட்டப் போகலாம் என்பதை வெட்டாட்களிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும், விவசாயியிடம் சொல்லிப் பயனில்லை. குட்டியை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் யாரும் பேசுவதே இல்லை. பையன் பால் கொடுத்தது இரக்கத்தால். தண்ணீரோ பாலோ எதுவும் வேண்டாம் என்று அவனுக்குச் சொல்ல அந்தக் காலையில் ஆள் இல்லை. படம் எடுத்தால் எண்ணிக்கைக்கு உதவும் என்பதை இந்த நிகழ்வு காட்டியது, ஆனால் அது வனவருக்கு மட்டும் போகவேண்டிய படம்.

நோயுற்ற குட்டி விஷயத்தில் முடிவு எட்டப்படவில்லை. மருத்துவர் இன்றும் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்கிறார். அடுத்த முறை, சூடான நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்து, எல்லாக் குட்டிகளையும் முதல் இரவே சேர்த்து வைப்பது என்று வனவர் எழுதி வைத்திருக்கிறார். என் சாய்வு வனவர் பக்கம். தாய் வரும் என்று ஓரளவு நம்பக்கூடியது முதல் இரவுதான். மருத்துவர் சொன்ன குளிர் கற்பனை அல்ல என்பதையும் மறுக்கமாட்டேன்.

தீராமல் நிற்பது பணம். நிறுத்தி வைத்த பத்து சென்ட் கரும்பு கடைசி லோடில் போனபோது எடை குறைந்தது என்று தோட்டக்காரர் சொன்னார். எவ்வளவு என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. யானையோ காட்டுப்பன்றியோ பயிரை அழித்தால் இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்க வழி இருக்கிறது. ஒரு விலங்குக்காக விவசாயி தானாக நிறுத்தி வைத்த பயிருக்கு அப்படி ஒரு மனு இல்லை. சரக அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தோம். எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அடுத்த வெட்டுப் பருவத்தில் அதே மேஸ்திரி வேறொரு ஊரிலிருந்து வனவரை அழைத்து, சோகைக்குள் குட்டி கிடப்பதாகவும் யாரையும் கிட்ட விடவில்லை என்றும் சொன்னார். அந்தத் தோட்டக்காரர் துண்டு நிறுத்த ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் இரவு மட்டும் பொறுத்தார், அதற்குள் தாய் குட்டிகளை எடுத்துப் போய்விட்டது.